ஆசான்களை வளர்த்த ஆசான் ஹாரி குரோ பக்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் பெரியார் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது வழக்கம். முன்னைய மலர்களில் புலவர் பெருமக்களையும் நாட்டுக்குழைத்த தியாகிகளையும் பற்றி எழுதினோம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் தமிழ்நாட்டிற் பிறந்தவர் அல்லர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அல்லர். அமெரிக்க நாட்டில் பிறந்து, முப்பத்தைந்தாம் வயதில் சென்னைப் பட்டினம் வந்து, இருபத்து நான்கு ஆண்டுகள் இந்நாட்டு இளைஞர்களோடு வாழ்ந்து, இம்மண்ணிலேயே உயிர் நீத்த ஹாரி குரோ பக் என்பவர் அவர். தமிழ்ச் சங்க மலரில் அயல்நாட்டார் ஒருவருக்கு இடம் எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை இக்கட்டுரையின் முடிவில் தானே விளங்கும் என்பது நமது நம்பிக்கை.

இவ்வரலாற்றை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி நம் காலனியிலேயே நடந்தது. வேலையின் பொருட்டு வரதய்யபாளையத்துக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, காலனியின் ஓரத்திலிருந்த பொட்டலைச் சமன் செய்து, இரண்டு கம்பங்கள் நட்டுக் கூடைப்பந்துத் திடல் ஒன்று அமைத்தோம். மாலை வேளைகளில் நம் பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். சில நாட்களில் ஊருக்குள்ளிருந்து தெலுங்குப் பிள்ளைகளும் வந்து வேலியோரம் நின்று பார்க்கலானார்கள். பிறகு உள்ளேயும் வந்தார்கள். இதையொட்டிச் சங்கத்தின் செயற்குழுவில் ஒரு விவாதம் எழுந்தது. நம் பணத்தில் அமைந்த திடல் நம் பிள்ளைகளுக்கே உரியது என்றனர் சிலர். விளையாட்டினால் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறது. திடலை அகற்றிவிட்டு மண்டபம் கட்டினால் விழாக்களுக்கு உதவும் என்றனர் வேறு சிலர். முடிவு எட்டப்படவில்லை. ஆண்டு விழாவுக்குப் பின் கூடும் பொதுக்குழு இதனைத் தீர்மானிக்க வேண்டும். அதற்கு முன், இத்தகைய கேள்விகளுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்து சென்ற ஒருவரை நாம் அறிந்துகொள்வது நலம்.

பக் அவர்களின் கதையைச் சொல்லப் புகுமுன் கூடைப்பந்து பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லுதல் வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு என்னும் நகரில், ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்திவந்தார்கள். 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலம். வெளியே பனி, மாணவர்களோ கூடத்துக்குள் ஒரே மாதிரியான கைகால் பயிற்சிகளைச் செய்து சலித்துப் போயிருந்தார்கள். அவர்களுக்கென்று உள்ளேயே ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை இரு வாரத்துக்குள் வகுக்குமாறு, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் இளம் ஆசிரியரைத் தலைமை ஆசிரியர் லூதர் குலிக் பணித்தார். நெய்ஸ்மித் கனடாவிற் பிறந்து அமெரிக்கா வந்தவர். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில், தரையிலிருந்து பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பதின்மூன்று விதிகளை எழுதினார். பதினெட்டு மாணவர்களை ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்து ஆடவிட்டார். அம்முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. பந்து கூடைக்குள் விழுந்தால் ஒருவர் ஏணி வைத்து ஏறி எடுத்துத் தரவேண்டியிருந்தது!

அந்த ஆட்டத்தின் உட்பொருளை நாம் கவனித்தல் தகும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாகாது. எதிரியைத் தள்ளலாகாது, பிடிக்கலாகாது, இடிக்கலாகாது. இலக்கைத் தலைக்கு மேலே வைத்துவிட்டபடியால் வலிமையால் முட்டி மோதிப் பயனில்லை. குறி பார்க்கும் திறமையும், கூட்டாளிக்குப் பந்தைக் கொடுக்கும் மனமும் வேண்டும். கையிற் கிடைத்ததைத் தனக்கென்றே வைத்துக்கொள்பவன் இவ்வாட்டத்தில் வெல்ல முடியாது. குணத்தைப் பண்படுத்தும் நோக்கத்தோடே வகுக்கப்பட்ட விளையாட்டு இது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1895-இல், ஸ்பிரிங்பீல்டில் பயின்ற வில்லியம் மார்கன் என்பவர் அண்டை நகரான ஹோலியோக்கில் கைப்பந்து ஆட்டத்தை வகுத்தார். இன்று நம்மூர்ப் பள்ளிகள்தோறும் ஆடப்பெறும் இவ்விரண்டு ஆட்டங்களும் இவ்வாறு ஒரே மரபில் தோன்றியவை. வாலிபர் சங்கத்தின் கிளைகள் எந்தெந்த நாட்டில் இருந்தனவோ அந்தந்த நாட்டுக்கெல்லாம் இவை பரவின. அம்மரபில் வந்து, அதனைச் சென்னையில் ஊன்றி வளர்த்தவரே நம் கட்டுரைத் தலைவர்.

ஹாரி குரோ பக் 1884-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்திலுள்ள பெருந்துறைமுக நகரின் பெயரைத் தாங்கிய இவ்வூர் ஓர் ஆற்றங்கரைக் குக்கிராமம். உடற்கல்வியைத் தம் வாழ்க்கைத் தொழிலாக ஏற்ற அவர், முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டாகிய 1919-இல் வாலிபர் சங்கத்தின் சார்பில் இந்தியாவுக்கு வந்தார். அவருடன் அவர் மனைவியார் மேரி அம்மையாரும் வந்தார்.

அந்நாளில் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி எந்நிலையில் இருந்தது என்பதை இன்றைய பெற்றோர் பலர் அறியார். டிரில் மாஸ்டர் என்றொருவர் இருப்பார். பெரும்பாலும் அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். கையிற் பிரம்பு, வாயில் ஆங்கில ஆணைச் சொற்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று கையைத் தூக்கித் தாழ்த்துவார்கள். இடப்புறம் திரும்புவார்கள், வலப்புறம் திரும்புவார்கள். மணி அடித்ததும் கலைவார்கள். இதில் மகிழ்ச்சி என்பது அறவே இல்லை. பள்ளியின் ஆசிரியர் வரிசையிலும் அந்த டிரில் மாஸ்டருக்கு மதிப்பான இடம் கிடையாது. ஊதியத்திலும் அவர் கடைசி. விளையாட்டு என்பதோ வசதியுள்ள சிலருடைய பொழுதுபோக்காக இருந்தது. கிரிக்கெட்டும் டென்னிசும் கிளப்புகளில் நடைபெற்றன. ஏழைப் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் அவை இல்லை.

இவற்றைக் கண்ட பக் அவர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. தாமே சிறந்த அணிகளைத் திரட்டிப் பயிற்சி அளித்து வெற்றிக் கோப்பைகளைக் குவிக்கலாம். பேரும் புகழும் உடனே கிட்டும். அல்லது, ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தக்க ஆசிரியர்களை உருவாக்கலாம். அதன் பயன் தெரியப் பல்லாண்டுகள் ஆகும். அவர் தேர்ந்தது இரண்டாவது வழி. ஒரு பயிற்சியாளர் தம் வாழ்நாளில் சில நூறு பேருக்குக் கற்பிக்கக் கூடும். நூறு ஆசிரியர்களை உருவாக்கியவரோ, காணாத ஊர்களில் காணாத பிள்ளைகளுக்கெல்லாம் ஆசானாகிறார்.

1920-ஆம் ஆண்டில் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியை அவர் தொடங்கினார். ஆசியாவிலேயே இத்தகைய பள்ளிகளில் முதன்மையானது அது. சொந்தக் கட்டடமோ பரந்த மைதானமோ கிடையாது. வாலிபர் சங்கக் கட்டடத்தில், விரல் விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு அது பிறந்தது. பக் அவர்களும் மேரி அம்மையாருமே அதன் ஆதாரத் தூண்களாக நின்றனர். உடற்பயிற்சி ஆசிரியர் வேலைக்கு ஒரு படிப்பா என்று உலகம் எள்ளிய காலம் அது. உடலின் அமைப்பு, சுகாதாரம், முதலுதவி, கற்பிக்கும் முறை, ஆட்ட விதிகள், நடுவராக நிற்கும் நேர்மை ஆகிய யாவும் கற்றுத் தேர்ந்தவனே மைதானத்தில் பிள்ளைகள் முன் நிற்கத் தகுதியுடையவன் என்பது அவர் கொள்கை. கணக்கு ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்றால், வளரும் உடலைக் கையாளும் ஆசிரியருக்கு அதனினும் மிகுதியாக வேண்டும் அன்றோ?

இவ்வகையில் பயின்ற ஓர் ஆசிரியர் பத்து வயதுப் பிள்ளைக்குக் கூடைப்பந்து கற்பிப்பதை நாம் நேரிற் கண்டால் வேற்றுமை விளங்கும். பழகாதவர் பந்தைக் கொடுத்து, கூடையில் போடு என்பார். பிள்ளை எறிவான், பந்து விழாது, பத்து முறை தோற்றபின் அவனுக்கு ஆட்டமே கசந்துவிடும். பயின்ற ஆசிரியரோ கூடையைக் காட்டவே மாட்டார். முதலில் பந்தைப் பிடிக்கக் கற்பிப்பார். இரு கைகளாலும் மார்புக்கு நேரே கூட்டாளிக்குத் தள்ளக் கற்பிப்பார். ஓடிவந்து இரு காலும் ஊன்றி நிற்கவும், ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழலவும் பழக்குவார். பந்தைத் தரையில் தட்டிச் செல்லும்போது பார்வை பந்தின்மீது இராமல் முன்னே இருக்கவேண்டும் என்பார். இவை யாவும் கைவந்த பிறகே கூடை. அப்போதும் சிறுவனுக்குச் சிறிய பந்து, தாழ்ந்த வளையம். ஒவ்வொரு படியிலும் அவனுக்கு ஒரு சிறு வெற்றி கிட்டுகிறது. பிள்ளை வளர்கிறான், உடலோடு துணிவும் வளர்கிறது.

கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்து, மற்றவர்களை ஓரத்தில் உட்காரவைக்கும் முறை இம்மரபுக்கு ஒவ்வாதது. எல்லாப் பிள்ளைகளும் ஆடவேண்டும். ஒல்லியானவனும் பருத்தவனும் கூச்சமுள்ளவனும் ஆடவேண்டும். அணி என்பது அதன் பிறகு தானே உருவாகும். கூடைப்பந்தும் கைப்பந்தும் இதற்கு மிகவும் ஏற்றவையாயின. அதிக நிலம் வேண்டா. விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஒரே பந்தில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் ஆடலாம். ஏழை நாட்டுப் பள்ளிகளுக்கு இதைவிட உகந்தது யாது?

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. பக் அவர்கள் வந்துதான் நம்மவர்க்குத் தேகப்பயிற்சி தெரிந்தது என்று எவரேனும் கூறுவராயின் அது பிழையாகும். சிலம்பமும் மற்போரும் சடுகுடுவும் நம் ஊர்களில் தொன்றுதொட்டு உள்ளவை. வடநாட்டில் மல்லர் கழகங்கள் பல இருந்தன. மராட்டிய வட்டாரத்து அமராவதியில் 1914-ஆம் ஆண்டிலேயே அனுமான் வியாயாமப் பிரசாரக் மண்டலம் தோன்றியது. அம்மண்டலத்தார் 1936-இல் பெர்லின் மாநகரில் நம் நாட்டு ஆட்டங்களை உலகத்தார் முன் ஆடிக்காட்டினர். மேலும், அது தேசிய எழுச்சி ஓங்கியிருந்த காலம். அயல்நாட்டிலிருந்து ஒரு சமயச் சார்புள்ள சங்கத்தின் பெயரால் வந்தவரைச் சிலர் ஐயக்கண் கொண்டு நோக்கினர் என்றால் அதில் வியப்பில்லை.

பக் அவர்கள் அந்த ஐயத்துக்குச் செயலால் விடையளித்தார். அவருடைய பள்ளியில் எல்லாச் சமயத்து இளைஞர்களும் சேர்ந்து பயின்றார்கள். பல மொழி பேசும் மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே மைதானத்தில் ஆடினார்கள். ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் நாடெங்கும் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குக் கைந்நூலாக விளங்கியது. வாய்மொழியாக ஊருக்கு ஒரு விதமாக ஆடப்பட்டுவந்த சடுகுடு முதலிய நம் நாட்டு ஆட்டங்களையும் பிற ஆட்டங்களுக்கு நிகராக மதித்து, அவற்றுக்கும் எழுதிய விதிகள் அமைவதற்கு அவரும் அவர் பள்ளியும் துணை நின்றனர். விதி எழுதப்பட்டபோதுதான் ஓர் ஊரார் மற்றோர் ஊராருடன் சண்டையின்றி ஆட முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார். உடற்கல்விக்கென்று வியாயாம் என்னும் பெயரில் ஓர் இதழும் அவர் கல்லூரியிலிருந்து வெளிவந்தது. அதன் பெயரே இந்நாட்டுச் சொல்லாக அமைந்ததைக் கவனிக்க வேண்டுகிறோம்.

சென்னை அரசாங்கம் அவரை உடற்கல்வி ஆலோசகராக ஏற்றுக்கொண்டது. இவ்விடத்தில் நம் அன்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்காலத்துச் சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டுமன்று. ஆந்திரத்தின் கடற்கரை மாவட்டங்களும் இராயலசீமையும் அதனுள் அடங்கியிருந்தன. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சித்தூர் மாவட்டமும் சென்னையின் ஆட்சியில்தான் இருந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரலில் எல்லைகள் மீண்டும் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேட்டைச் சூழ்ந்த ஊர்கள் பல ஆந்திரத்துக்குச் சென்றன. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைந்து, நம் வரதய்யபாளையம் அதன்கண் சேர்ந்தது. கோடுகள் இவ்வாறு பலமுறை மாறின. பக் அவர்களின் காலத்தில் அவர் ஆலோசனை தமிழ்ப் பிள்ளைக்கு ஒன்று, தெலுங்குப் பிள்ளைக்கு ஒன்று என்று வேறுபட்டதில்லை. மாகாணத்துப் பள்ளிகள் யாவற்றுக்கும் அவர் ஒருவராகவே இருந்தார்.

1924-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் குறிப்பிடத்தக்க ஆண்டு. பாரிஸ் மாநகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவிருந்தன. அவ்வாண்டு பிப்ரவரியில் தில்லியில் அகில இந்தியப் போட்டிகள் நடத்தி, இந்திய வீரர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவ்வணியின் மேலாளராகப் பக் அவர்கள் பாரிசுக்குச் சென்றார். அவ்வணியில் தடை தாண்டும் ஓட்டத்தில் கலந்துகொண்டவர் கண்ணூரிற் பிறந்த சி.கே. லட்சுமணன். பின்னாளில் அவர் மருத்துவராகி, இந்திய அரசின் சுகாதாரச் சேவைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். விளையாட்டினால் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர் இவர் வரலாற்றை எண்ணிப்பார்ப்பாராக.

பாரிசில் நம்மவர் பதக்கம் எதுவும் பெறவில்லை. ஆனால் திரும்பி வந்தபின் செய்த வேலையே பெரிது. வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் நோரென் அவர்களும் பக் அவர்களும் மாகாணந்தோறும் சென்று விளையாட்டுக் கழகங்கள் அமைய உழைத்தனர். 1927-ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது சர் தோராப்ஜி டாட்டா அதன் தலைவரானார், நோரென் செயலாளரானார். தலைவர் பெயரும் செயலாளர் பெயரும் ஏடுகளில் முதலில் நிற்கின்றன. இரயிலில் அலைந்து ஊர் ஊராக அடித்தளம் இட்டவர்களில் பக் ஒருவர் என்பதை நாம் மறத்தலாகாது.

வாலிபர் சங்கக் கட்டடத்தில் பிறந்த பள்ளி வளர்ந்து இராயப்பேட்டைக்குச் சென்று, பின்னர் 1930-களில் சைதாப்பேட்டையை அடுத்து, அடையாற்றங்கரையில், இன்று நந்தனம் எனப்படும் இடத்தில் நிலைபெற்றது. அறுபத்தைந்து ஏக்கர் பரப்புள்ள அவ்வளாகத்தில் ஓடுபாதைகளும் ஆடுகளங்களும் அமைந்தன. பள்ளி கல்லூரியாயிற்று. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும், இலங்கை, பர்மா முதலிய அண்டை நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து பயின்று சென்றனர். சைதாப்பேட்டையில் படித்தவர் என்றால், அது ஒன்றே உடற்கல்வி ஆசிரியருக்குப் பெருஞ்சான்றாக மதிக்கப்பட்ட காலம் உண்டு.

அங்கிருந்து சென்றவர்கள் பெரும் புகழ் பெற்றவர்கள் அல்லர். அவர்கள் மதுரையிலும் தஞ்சையிலும் நெல்லூரிலும் கடப்பையிலும் ஏதோ ஒரு பள்ளியின் மைதானத்தில் காலையும் மாலையும் வெயிலில் நின்றவர்கள். விசில் ஒன்றும் பந்து ஒன்றும் அவர்கள் சொத்து. அவர்களிடம் பயின்ற பிள்ளைகளில் சிலர் மாநிலத்துக்கு ஆடினர். சிலர் நாட்டுக்கு ஆடினர். எண்ணற்றவர் எதற்கும் ஆடாமல், நல்ல உடலும் நேர்மையான மனமும் பெற்று வாழ்ந்தனர். இந்த எண்ணற்றவரே பக் அவர்களின் உண்மையான அணி என்று நாம் கருதுகிறோம்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், 1943-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள், தமது ஐம்பத்தெட்டாம் வயதில் ஹாரி குரோ பக் காலமானார். இந்தியா விடுதலை பெறுவதை அவர் காணவில்லை. 1950-ஆம் ஆண்டில் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் தோன்றியதையும், 1951-இல் ஆசிய விளையாட்டுகள் முதன்முதலாக நம் தில்லியில் நடைபெற்றதையும், 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் கூடைப்பந்து அணி ஆடியதையும் அவர் காணவில்லை. சென்னையில் வளர்ந்து, இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரை 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றபோது, அவர் மறைந்து எழுபத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் நட்டது பனங்கொட்டை, வாழைக்கன்று அன்று. பனை நட்டவன் நுங்கு தின்பது அரிது என்பதை நம் கிராமத்தார் அறிவார்கள். ஆயினும் பனை நடுவோர் இல்லாமற் போகவில்லை.

கூடைப்பந்தை வகுத்த நெய்ஸ்மித் அவர்களின் பிற்கால வாழ்க்கையும் இதே உண்மையை உணர்த்துகிறது. 1898-இல் அவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அங்கே முதல் கூடைப்பந்துப் பயிற்சியாளரானார். அவர் பொறுப்பில் அணி வென்ற ஆட்டங்கள் ஐம்பத்தைந்து, தோற்றவை அறுபது. அப்பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர் வரிசையில் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே என்பர். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கே இக்கதியா என்று நகைப்போர் நகைக்கலாம். ஆனால் அவரிடம் ஆடிய பாக் ஆலன் என்பவர் அவருக்குப் பின் அங்கே மாபெரும் பயிற்சியாளரானார். ஆலனிடம் ஆடிய அடால்ப் ரப், டீன் ஸ்மித் என்போர் தத்தம் பல்கலைக்கழகங்களில் புகழின் உச்சியை எட்டினர். கோப்பையை எண்ணினால் நெய்ஸ்மித் தோற்றவர். மாணாக்கரை எண்ணினால் அவரை வென்றவர் இல்லை. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறை சேர்க்கப்பட்டபோது, எழுபத்து நான்கு வயது முதியவராக அவர் அங்கே சென்று அதனைக் கண்டு மகிழ்ந்தார். 1939-இல் மறைந்தார்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். தமிழ்ச் சங்க மலரில் பக் அவர்களுக்கு இடம் எதற்கு?

நாமும் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள். சென்னை இங்கிருந்து அதிக தூரம் இல்லை எனினும், மொழி வேறு, பள்ளி வேறு, கடைத்தெருவிற் கேட்கும் பேச்சு வேறு. வந்த இடத்தில் எவ்வாறு வாழ்வது என்பது நம் ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் நிற்கும் கேள்வி. மொழியைக் காப்பதற்கும் பண்டிகைகளை ஒன்றுகூடிக் கொண்டாடுவதற்கும் சங்கம் அமைத்தோம், அது கடமை. ஆனால் வந்த இடத்தில் வேலி கட்டிக்கொண்டு, ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருப்பது ஒரு வாழ்வு. வந்த இடத்தின் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாகக் கருதி ஏதேனும் ஒன்றை விட்டுச் செல்வது மற்றொரு வாழ்வு. பக் அவர்கள் இரண்டாவது வாழ்வை வாழ்ந்தார். பல்லாயிரம் மைல் கடந்து வந்த ஒருவர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதனைச் செய்தார் என்றால், சில மணி நேரப் பயணத்தில் வந்த நாம் தெலுங்குப் பிள்ளைகளுக்குச் செய்யலாகாதா?

ஆகவே பொதுக்குழுவின் முன் நாம் வைக்கும் கருத்து இது. திடல் திடலாகவே இருக்கட்டும். மண்டபம் வேண்டுமாயின் அதற்கு வேறு வழி தேடுவோம். திடலின் கதவு ஊர்ப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும். கம்பமும் பந்தும் மட்டும் போதாது. முறையாகப் பயின்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை வாரத்தில் சில நாட்களேனும் அழைத்து, அவருக்குத் தக்க ஊதியம் அளிக்க வேண்டும். அவர் தமிழராயினும் தெலுங்கராயினும் நமக்கு ஒன்றே. ஆண்டு விழாவிற்கு நாம் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைக் குறைத்தாலும் இது கைகூடும் என்பது நம் கணிப்பு. பெண் குழந்தைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்கி, அவர்களையும் ஆடவிட வேண்டும். முதலாண்டில் கோப்பை எதுவும் வாராது. அதைக் கேட்கவும் வேண்டா.

ஒரு மாலையில் அத்திடலின் பக்கம் நாம் சென்றிருந்தோம். நம் காலனிச் சிறுவன் ஒருவன் பந்தோடு நின்றான். முன்னே இருவர் மறித்தனர். பக்கத்தில் ஊர்ப் பிள்ளை ஒருவன் கைநீட்டி, தெலுங்கில் ஏதோ கூவினான். நம் சிறுவனுக்கு அது விளங்கியதோ இல்லையோ, பந்தை அவன் கைக்கு அனுப்பினான். பந்து கூடையில் விழுந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே திரும்பி ஓடினார்கள்.

ஹாரி குரோ பக் அவர்கள் இந்நாட்டுக்கு வந்தது இதற்காகவே என்று நாம் துணிந்து கூறலாம். அன்னாரின் நினைவு வாழ்க. நம் பிள்ளைகளும், நமக்கு இடம் தந்த இவ்வூர்ப் பிள்ளைகளும் நலமுடன் வளர்க.